நூறு வண்டிக்கு ஆள் யார்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

ஊர்வலம் என்றாலே நமக்கு ஓர் உற்சாகம் பிறந்துவிடுகிறது. சாமி ஊர்வலம், திருமண ஊர்வலம், தேர்தல் ஊர்வலம் என்று நம் ஊர்த் தெருக்கள் ஊர்வலங்களைப் பார்த்தே வளர்ந்தவை. இப்போது அவற்றோடு மோட்டார் சைக்கிள் ஊர்வலமும் சேர்ந்துகொண்டது. தலைக்கவசம் அணியச் சொல்லி ஒன்று, இரத்த தானத்தை வலியுறுத்தி ஒன்று, சுதந்திர தினத்துக்கு ஒன்று, தலைவர் பிறந்த நாளுக்கு ஒன்று. கொடியசைத்துத் தொடங்கி வைக்க ஒரு பிரமுகர், புகைப்படம் எடுக்க நால்வர், ஒலி எழுப்பிப் புறப்பட நூறு வண்டிகள். மறுநாள் செய்தித்தாளில் மூன்று வரி வந்துவிட்டால் விழா இனிதே நிறைவுற்றது என்று பொருள்.

இவற்றைக் குறை கூறுவதற்காக நான் பேனா எடுக்கவில்லை. அப்படி ஓர் ஊர்வலத்தை நடத்திய எட்டுப் பேரில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன். நம் கல்லூரியின் பெயர் அதில் சம்பந்தப்படவில்லை. எங்கள் பகுதி இளைஞர்கள் சேர்ந்து நடத்தியது அது. ஆயினும் நாளை நம் கல்லூரியும் இத்தகைய ஒன்றை நடத்தக்கூடும். அன்று நான் கற்ற பாடம் மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பயன்படட்டும்.

நடந்தது இதுதான்

ஜனவரி, சாலைப் பாதுகாப்பு மாதம். தலைக்கவசத்தின் அவசியத்தை எடுத்துச் சொல்லக் கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் வழியாக மேடவாக்கம் வரை போய்த் திரும்புவது என்று முடிவு செய்தோம். காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்து அனுமதியும் பெற்றோம். கடிதத்தில் நாங்கள் எழுதிய எண்ணிக்கை 40. வந்து நின்ற வண்டிகள் நூறுக்குக் குறையாது. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? ‘கூட்டம் சேர்ந்துவிட்டதே!’ என்று மகிழ்ந்துபோனோம். முதல் தவறு அந்த மகிழ்ச்சியில் தொடங்கியது.

கேம்ப் ரோடு சிக்னலில் முன்பாதி கடந்துவிட்டது, பின்பாதி சிவப்பு விளக்கில் நின்றுவிட்டது. பச்சை விழுந்ததும் பின்னால் நின்றவர்கள் முன்னே போனவர்களைப் பிடிக்க முறுக்கினார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் கீரை விற்கும் ஓர் ஆயா, முன்பாதி போய் முடியும் வரை கூடையோடு ஓரமாகக் காத்திருந்தார். சத்தம் ஓய்ந்தது. ஊர்வலம் முடிந்தது என்று எண்ணிச் சாலையில் இறங்கினார். அப்போதுதான் பின்பாதியின் முதல் வண்டி வந்தது. ஓட்டியவன் எங்கள் தெருப் பையன், என் நண்பன்.

அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. தலையில் கீறல்கூட இல்லை, தலைக்கவசம் காப்பாற்றிவிட்டது. ஆயாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தலைக்கவச ஊர்வலம் தன் கொள்கையை நிரூபித்துவிட்டது என்றுகூட ஒருவன் சொன்னான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை அரசு மருத்துவமனை வராந்தாவில் ஆயாவின் மகன் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “நூறு பேரு வந்தீங்களேப்பா, இதுக்கு ஆளு யாரு?”

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்போம். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் எழுதிய வாக்கியம்

அந்த எண்மரில் கல்லூரிக்குப் போகிறவன் நான் ஒருவன்தான். ஆகவே எழுத்து வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. ஊர்வலத்தில் கலந்துகொள்வோர் கையெழுத்திட ஒரு படிவம் தயாரித்தேன். அதில், ‘இந்நிகழ்ச்சியில் ஏற்படும் எவ்வித விபத்துக்கும் பங்கேற்பவரே முழுப் பொறுப்பு, அமைப்பாளர்கள் எவ்விதத்திலும் பொறுப்பாகமாட்டார்கள்’ என்று அழகாக எழுதினேன். எழுதி முடித்ததும் பெரிய வழக்கறிஞர் போல ஒரு பெருமிதம்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தந்தை ஒரு தோல் ஆலையில் கூலி வேலை பார்த்தவர். என் பள்ளிப் பருவத்தில் அவருடைய வலக்கையின் இரண்டு விரல்கள் இயந்திரத்தில் நசுங்கின. மூவாயிரம் ரூபாயை நீட்டி, ஓர் ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் எழுதியிருந்ததாம். இடக்கையால் போட்ட கையெழுத்து. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ‘இவனாவது தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்’ என்றுதான் என்னைப் படிக்க அனுப்பினார். படித்த நான் செய்த முதல் காரியம், அதே போன்ற ஒரு தாளை எழுதியதுதான்!

நிற்க. அந்தப் படிவத்தின் மதிப்புதான் என்ன? இருவர் தமக்குள் எழுதிக்கொள்ளும் தாள் அவ்விருவருக்கிடையே ஓரளவு செல்லுபடியாகலாம். சாலையில் போகும் மூன்றாமவரை அது எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது. என் படிவத்தில் நூறு பேர் கையெழுத்து இருந்தது. கீரைக்கார ஆயாவின் கைநாட்டு அதில் இல்லை. அவர் எங்கள் ஊர்வலத்துக்கு வரவில்லை. எங்கள் ஊர்வலம்தான் அவர் இருந்த இடத்துக்கு வந்தது.

இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்றொரு புகழ்பெற்ற பந்தயத் தடம் 1907இல் திறக்கப்பட்டது. 1930இல் அங்கே ஒரு கார் தடுப்புக் கம்பிகளை உடைத்துக்கொண்டு கூட்டத்தில் பாய்ந்து இரண்டு பார்வையாளர்கள் இறந்தனர். காயமடைந்த ஒருவர் தொடர்ந்த வழக்கில், தடத்தை நடத்திய சங்கம் பொறுப்பல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. காரணம் என்ன? அதுவரை 23 ஆண்டுகளில் அப்படியொரு விபத்து நடந்ததில்லை. சங்கம் தக்க தடுப்பு போட்டிருந்தது. பந்தயத்துக்கு இயல்பாக உள்ள ஆபத்தை அறிந்தே பார்வையாளர் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தார். சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இவ்வழக்கைப் படிக்கிறார்கள். அதை நம் சாலைக்குப் பொருத்திப் பாருங்கள். ஆயா டிக்கெட் வாங்கவில்லை. நாங்கள் தடுப்பு போடவில்லை. இப்படி நடக்கும் என்பதை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. ஏன் சொல்ல முடியாது என்பதை என் பாடப்புத்தகமே எனக்குச் சொல்லிவிட்டது.

கணக்கு சொல்லும் உண்மை

விபத்துக்குப் பிறகு ஒரு மாலை நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். வேகம் மணிக்கு 30 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 8.3 மீட்டர். இருவர் இருவராகப் போனால் நூறு வண்டிக்கு 50 வரிசை. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் ஒன்றரை விநாடி இடைவெளி வேண்டும் என்றால் அது 12.5 மீட்டர். வண்டியின் நீளம் 2 மீட்டரைச் சேர்த்தால் வரிசைக்கு 14.5 மீட்டர். ஐம்பது வரிசைக்கு 725 மீட்டர். முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு ரயில் அது! ஒரு சிக்னலை அது கடக்க ஏறக்குறைய 87 விநாடி ஆகும். ஒரு நிமிடம் பச்சை எரியும் சிக்னலில் அது உடைந்தே தீரும். உடையாமல் போக வழியே இல்லை.

உடைந்தால் என்ன ஆகும்? பின்பாதி 90 விநாடி நின்றதாகக் கொள்வோம். அதற்குள் முன்பாதி 750 மீட்டர் போயிருக்கும். இந்த இடைவெளியைப் பின்னால் நின்றவன் 60 கி.மீ. வேகத்தில் ஈடுகட்ட வேண்டுமானால் முழுதாக ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் அதே வேகத்தில் ஓட வேண்டும். முன்னே போகிறவர் 30இல் போகிறார். ஆகவே ‘நாங்கள் மெதுவாகத்தான் போனோம்’ என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் பின்னால் வருகிறவன் 60இல் வருகிறான்.

வேகம் இரட்டிப்பானால் ஆபத்தும் இரட்டிப்பாகும் என்று நாம் நினைக்கிறோம். இல்லை. பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கை அழுத்த ஒரு விநாடி, வேகத்தளர்ச்சி விநாடிக்கு விநாடி 5 மீட்டர் என்று கொண்டால், 30 கி.மீ. வேகத்தில் வண்டி சுமார் 15 மீட்டரில் நின்றுவிடும். 60 கி.மீ. வேகத்தில் சுமார் 44 மீட்டர் தேவை. கீரைக் கூடையோடு ஒரு மூதாட்டி சாலையில் இறங்கியதைக் கண்டபின் என் நண்பனுக்கு 44 மீட்டர் கிடைக்கவில்லை. அவன் முரடனல்ல, குடித்தவனுமல்ல. நாங்கள் அமைத்த ஊர்வலமே அவனை அந்த வேகத்துக்குத் தள்ளியது.

ஆகவே, ‘ஓட்டியவனே பொறுப்பு’ என்பது அரை உண்மை. அவன் பொறுப்புதான். ஆனால் நூறு வண்டியை ஒரே சங்கிலியாகச் சாலையில் இறக்கியவர்கள் நாங்கள். இருபது வண்டி கொண்ட ஐந்து அணிகளாகப் பிரித்திருந்தால் ஓர் அணியின் நீளம் 145 மீட்டர்தான். பதினெட்டு விநாடியில் சிக்னலைக் கடந்திருக்கும். ஒவ்வொரு அணியும் தனித்தனியே போய் மேடவாக்கத்தில் சேரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் யாரையும் துரத்தியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்குச் செலவு ஒரு காசுகூட இல்லை.

பந்தயம் வேறு, பேரணி வேறு

இன்னொரு செய்தியை நம்மில் பலர் அறியவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலையில் ஓடக்கூடாது. பிறருக்கு நேரும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் நஷ்டஈடு கொடுப்பது அந்த இன்ஷூரன்ஸ்தான். என் நண்பன் அன்று ஓட்டியது அவன் மாமாவின் வண்டி. அதன் இன்ஷூரன்ஸ் காலாவதியாகிப் 19 நாள் ஆகியிருந்தது. புறப்படும் இடத்தில் நாங்கள் எல்லாருடைய தலைக்கவசத்தையும் பார்த்தோம். ஒருவருடைய இன்ஷூரன்ஸையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த வண்டி அன்று புறப்பட்டிருக்காது.

இன்ஷூரன்ஸ் இருந்தால் மட்டும் போதுமா? நம் வண்டிகளின் இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை அதில் இருக்கும். அத்தகைய வழக்குகளில் கம்பெனி தன் பொறுப்பை மறுத்து வாதாடச் சட்டமே இடம் தருகிறது. அரசின் எழுத்துமூல இசைவு இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது அதே சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். ஆகவே பேரணி என்று புறப்பட்டு, நடுவழியில் ‘யார் முதலில் மேடவாக்கம்?’ என்று நான்கு பேர் முறுக்கினால், அந்தக் கணமே அது பந்தயமாகிவிட்டது என்று வாதிட ஒருவர் வருவார். நூறு பேருக்கு இருந்த பாதுகாப்பை நாலு பேர் கெடுத்துவிடலாம்.

வயதும் பார்க்க வேண்டிய ஒன்று. முதலாண்டு வகுப்பில் 18 நிறையாத தம்பிகள் இருப்பார்கள். கியர் வண்டிக்கு உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ‘அண்ணா, நானும் வரேன்’ என்று ஆசையாக வரும் தம்பியை நாம் ஊர்வலத்தில் சேர்த்துக்கொண்டால், வீட்டில் தூங்கும் அவன் தந்தையைச் சிறைவாசலில் நிறுத்துகிறோம் என்று பொருள்.

பந்தயக் களங்கள் கற்ற பாடம்

வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றில்தான் முன்பு மோட்டார் பந்தயங்கள் நடந்தன. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்ததை நம் தாத்தாக்கள் இன்றும் கதை கதையாய்ச் சொல்வார்கள். விமானத்துக்காகப் போட்ட தளம் என்றும் பந்தயத் தடம் ஆகிவிடாது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே கட்டிய தடம் திறக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரப் பயணம்தான்.

அங்கே வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள் நிற்கிறார். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, சிவப்பு என்றால் பந்தயமே நின்றுவிட வேண்டும். மருத்துவரும் ஆம்புலன்ஸும் காத்திருக்கின்றனர். இத்தனையும் இருந்தும் 2023 ஆகஸ்ட் 5ஆம் நாள் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் கீழே விழுந்து உயிரிழந்தான். அன்றும் மறுநாளும் நடக்கவிருந்த மற்றப் போட்டிகள் கைவிடப்பட்டன. வேலி கட்டிய தடத்தில், பயிற்சி பெற்றவர்களுக்கே இந்நிலை என்றால், நாயும் மாடும் பள்ளிப் பிள்ளையும் குறுக்கே வரும் வேளச்சேரி சாலையில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரக் கார் பந்தயம் நடந்தது. பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பின் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகே பந்தயம் தொடங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனை விதித்தது. சான்றிதழ் வரத் தாமதமானது, பந்தயமும் காத்திருந்தது. அரசே முன்னின்று நடத்திய நிகழ்ச்சிக்கே அந்த விதி. நம் கொடியசைப்புக்கு முன் நாமே நமக்கு ஒரு சான்றிதழ் கொடுத்துக்கொள்ள வேண்டாமா?

‘பந்தல்காரர் பார்த்துக்கொள்வார், போலீஸ் பார்த்துக்கொள்ளும்’ என்று கைகழுவ நினைப்போரும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரில் 2006 ஏப்ரல் 10 அன்று ஒரு பொருட்காட்சிப் பந்தலில் தீப்பிடித்து 65 பேர் இறந்தனர். பந்தல் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம் என்று அமைப்பாளர்கள் வாதாடினர். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நஷ்டஈட்டில் 60 சதவீதம் அமைப்பாளர்களும் 40 சதவீதம் மாநில அரசும் ஏற்க வேண்டும் என்று 2022இல் தீர்ப்பளித்தது. அழைத்தவன் பொறுப்பு, அனுமதித்தவனுக்கும் அதில் பங்கு. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? 2024 அக்டோபர் 6ஆம் நாள் மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போய் வெயிலில் வாடி ஐவர் உயிரிழந்ததையும், 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நெரிசலில் 41 பேர் மாண்டதையும் நாம் மறந்துவிடவில்லை. எண்ணிக்கை பெரிது சிறிதாகலாம். கூட்டத்தைக் கூட்டுவது எளிது, அதைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதே வேலை என்ற பாடம் ஒன்றுதான்.

என்ன செய்ய வேண்டும்?

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்வது மாணவனுக்கு அழகல்ல. ஆகவே என் எளிய யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, பெயர் கொடுத்தவர்கள் மட்டுமே கலந்துகொள்ள வேண்டும். அனுமதிக் கடிதத்தில் எழுதிய எண்ணிக்கைதான் சாலைக்கு வரும் எண்ணிக்கை. நாற்பத்தோராவது வண்டி நெருங்கிய நண்பனுடையதாக இருந்தாலும் அது நடைபாதையோரம் நிற்கட்டும்.

இரண்டாவது, புறப்படுமுன் உரிமம், இன்ஷூரன்ஸ், வண்டிப் பதிவு மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லாரும் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். டயர், பிரேக், விளக்கு பார்க்க ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொள்ளலாம். பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2015 ஜூலை 1 முதல் தமிழகம் முழுவதும் வந்த விதி இது.

மூன்றாவது, இருபது வண்டிக்கு ஓர் அணி. முன்னால் ஒருவர், அவரைத் தாண்ட யாருக்கும் உரிமையில்லை. பின்னால் ஒருவர், அவருக்குப் பின் தங்க யாருக்கும் உரிமையில்லை. இடையில் பிரிந்தால் யாரும் துரத்த வேண்டாம், அடுத்து நிற்கும் இடம் எது என்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். சிக்னலில் நம் பையன்களே குறுக்கே நின்று பிற வண்டிகளை மறிக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் போலீசாருடையது, நம்முடையதல்ல. ஆம்புலன்ஸ் ஒலி கேட்டால் ஊர்வலம் முழுவதும் ஓரம் கட்ட வேண்டும்.

நான்காவது, நேரமும் இடமும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் முடித்துவிட்டால் பாதி ஆபத்து குறையும். ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூரும் வண்டலூரும் கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் எந்நேரமும் நெரிபடும் இடங்கள். அங்கே நம் விழா வேண்டவே வேண்டாம். நிற்கும் இடங்களில் வண்டிகளுக்குக் காவல் இருக்க ஆள் வேண்டும், குடிநீர் வேண்டும். மாணவியர் கலந்துகொண்டால் அவர்கள் அணியோடு ஒரு பேராசிரியை இருத்தல் நலம்.

ஐந்தாவது, அடிபட்டால் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும். 108க்கு யார் பேசுவது? அருகில் உள்ள அரசு மருத்துவமனை எது? சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அன்று எங்களில் ஒருவருக்கும் அதன் பெயர்கூடத் தெரியாது. நிகழ்ச்சிகளுக்கென்றே பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தரும் பொறுப்புக் காப்பீடும் உண்டு. பனியனுக்கும் பேனருக்கும் செலவழிக்கும் தொகையில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கினால் குடி முழுகிப் போகாது.

ஆறாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: ஓர் ஆள். ‘நிறுத்து’ என்று சொன்னால் நூறு வண்டியும் நிற்க வேண்டிய ஓர் ஆள். அவர் பெயரும் கைப்பேசி எண்ணும் படிவத்தின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். கல்லூரி நடத்தினால் அவர் ஓர் ஆசிரியராக இருக்கட்டும், அவருக்கு உதவியாக மாணவன் இருக்கட்டும். மாணவர் தலையில் எல்லாவற்றையும் சுமத்திவிட்டுக் கொடியசைக்கும் நேரத்துக்கு மட்டும் ஆசிரியர்கள் வருவது முறையாகுமா என்று மிகுந்த பணிவோடு கேட்கிறேன்.

தடை தீர்வாகுமா?

‘இவ்வளவு பார்த்தால் எதையுமே நடத்த முடியாது’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ‘அப்படியானால் நடத்தவே வேண்டாம், தடை செய்துவிடுவோம்’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரகடத்தில் உலகுக்கே மோட்டார் சைக்கிள் செய்து அனுப்புகிறோம். அவற்றை ஓட்டும் ஆசை மட்டும் நம் இளைஞர்களுக்கு வரக்கூடாதா? பகலில் தடுத்தால் அவர்கள் நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவார்கள். அங்கே பெயர் எழுத ஆளில்லை, இன்ஷூரன்ஸ் கேட்க ஆளில்லை, விழுந்தால் தூக்கவும் ஆளில்லை. முறையாக நடத்தப்படும் ஒரு பேரணி அவர்களுக்கு ஒழுங்கைக் கற்றுத் தரும் நல்ல பள்ளிக்கூடம். ஆனால் பள்ளிக்கூடம் என்றால் ஆசிரியர் இருக்க வேண்டும் அல்லவா?

கீரைக்கார ஆயா மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். நாங்கள் வீடு வீடாகப் போய் வசூல் செய்தோம். நூறு பேரில் முப்பத்திரண்டு பேர் பணம் தந்தார்கள். மற்றவர்கள், ‘நான்தான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேனே, என் வண்டியா இடித்தது?’ என்றார்கள். நான் எழுதிக் கொடுத்த வாக்கியத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். இப்போது ஆயா தடி ஊன்றி நடக்கிறார். கூடை தூக்க முடிவதில்லை, மருமகள் கொண்டுவந்து வைக்கிறாள். அண்மையில் நான் போனபோது, “ஊர்வலம் போயிடுச்சுன்னு நெனச்சேன் கண்ணு, என் மேலதான் தப்பு” என்றார். அதைக் கேட்டு நான் பட்ட வேதனை, அவர் மகன் கேட்ட கேள்வியால் பட்டதைவிடப் பெரிது.

வீட்டில் அந்தப் படிவம் இன்னும் ஒரு கட்டு மீதியிருக்கிறது. அதன் பின்பக்கத்தில்தான் மேலே சொன்ன கணக்கைப் போட்டேன். அடுத்த ஜனவரியில் மீண்டும் ஊர்வலம் நடத்த வேண்டும் என்று எங்கள் தெரு நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். நடத்தட்டும். ஆனால் புதுப் படிவத்தை நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். ‘அமைப்பாளர்கள் பொறுப்பாகமாட்டார்கள்’ என்ற வாக்கியம் அதில் இராது. ‘இந்த ஊர்வலத்தால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்தால் வந்து கேட்க வேண்டிய ஆள்’ என்று எழுதி, கீழே என் பெயரையும் முகவரியையும் எழுதுவேன். அப்படி ஒரு பெயரைத் துணிந்து எழுத முடியாத எந்த ஊர்வலமும் தெருவுக்கு வரத் தகுதியற்றது என்பதே என் கருத்து.

மாணவ நண்பர்களே! கொடியசைக்கு முன் ஒரு கணம் சிந்திப்போம். ஆள் யார் என்று ஊரார் கேட்பதற்கு முன் நாமே கேட்டுக்கொள்வோம்!